பிரிவுகளை ஒழித்தோர் மறந்த கணக்கு

2022ஆம் ஆண்டு மே மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனது உதைபந்தாட்ட விதிகளுள் ஒன்றைத் தளர்த்தியது. பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஒன்று தன் சம்பியனைத் தெரிய இறுதியாட்டம் ஒன்றை நடாத்த விரும்பின், அது தன் அணிகளை இரு பிரிவுகளாக வகுத்திருத்தல் வேண்டும். அன்றேல் அணிகள் யாவும் ஒன்றையொன்று எதிர்த்தாடியிருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. விதி தளர்ந்த கையோடு பசிபிக் 12 கூட்டமைப்பு பிரிவுகளைக் கைவிட்டது. 2023 இல் அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பும், 2024 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பும் பிக் ரென் கூட்டமைப்பும் அதே வழியிற் சென்றன. விளையாட்டு விமர்சகர் பலர் இதனை வரவேற்றனர். சிறந்த அணிகள் இரண்டு ஒரே பிரிவில் அகப்பட்டுத் தவிப்பதும், தகுதி குறைந்த அணியொன்று மறுபிரிவின் தலைமை என்ற பெயரால் இறுதியாட்டத்துள் நுழைவதும் இனி இல்லை என்பது அவர்தம் வாதம்.

வாதம் கேட்பதற்கு இனிது. ஆயின் அதன் அடியிலே ஒரு கணக்குப் பிழை கிடக்கின்றது. பிரிவுகளை ஒழித்தவர்கள் அக்கணக்கை அறியாதவர்கள் என்று கொள்வதற்கில்லை. அறிந்தும் புறக்கணித்தார்கள் என்பதே பொருந்தும்.

உதைபந்தாட்டம் என்றதும் ஈழத்து வாசகர் மனத்தில் எழும் ஆட்டம் இதுவன்று. றக்பியின் வழித்தோன்றலாகிய அமெரிக்க உதைபந்தாட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தியும் எறிந்தும் எதிரணியை மோதித் தள்ளியும் முன்னேறும் ஆட்டம். மோதலின் கடுமை காரணமாக ஓர் அணி வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஆடுதல் அரிது. பல்கலைக்கழக அணியொன்று ஒரு பருவகாலத்தில், இறுதியாட்டங்கள் நீங்கலாக, 12 ஆட்டங்களே ஆடுகின்றது. அவற்றுள் எட்டோ ஒன்பதோ தன் கூட்டமைப்பினுள் நிகழ்வன. கிரிக்கெற்றிலோ கூடைப்பந்தாட்டத்திலோ எழாத சிக்கல் இங்கு எழுவது இதனாலேயே. ஆட்டங்கள் ஒன்பது, அணிகள் பதினெட்டு. ஒன்பது ஆட்டங்களில் பதினேழு எதிரணிகளைச் சந்திக்கும் வித்தையை எந்தக் கணித ஆசிரியரும் கற்பிக்க முடியாது.

கூட்டமைப்பு என்பது யாது? இன்று அது தொலைக்காட்சி உரிமையை விற்கும் வணிக நிறுவனமாகத் தோற்றமளிப்பினும் அதன் பிறப்பு வேறு. 1895 சனவரியிலே மத்திய மேற்குப் பகுதியின் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிக்காகோ நகரிற் கூடினர். கட்டுக்கடங்காது போய்க்கொண்டிருந்த கல்லூரி விளையாட்டைப் பேராசிரியர்களின் மேற்பார்வைக்குக் கொண்டுவருதலே அவர்கள் நோக்கம். 1896 இல் ஏழு பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகள் சேர்ந்து அமைத்த அக்கூட்டமைப்பே பின்னாளில் பிக் ரென், அதாவது பெரும் பத்து, எனப் பெயர் பெற்றது. (பெரும் பத்தின் உறுப்பினர் தொகை 2024 முதல் பதினெட்டு. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பற்றிய தொல்காப்பிய விசாரம் அங்கு எவருக்கும் எழவில்லை போலும்.) அயலிலுள்ள, ஒத்த தன்மையுடைய, ஒன்றையொன்று அறிந்த கல்விநிலையங்களின் கூட்டே கூட்டமைப்பின் ஆதிப்பொருள். அவ்வாறான கூட்டு சிறிதாகவே இருத்தல் கூடும். நெப்ராஸ்கா, ஒக்லஹோமா முதலியன அடங்கிய பிக் எயிற் கூட்டமைப்பிலே எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு கூட்டமைப்பு ஆட்டங்கள். ஆண்டு முடிவில் பட்டியலைப் பார்த்தவர்க்கு எவர் எவரை வென்றார் என்பது தெரிந்தது. 1995ஆம் ஆண்டுப் பருவகாலம் வரை அம்முறை நிலவியது.

இந்நிலை குலைந்ததற்குக் காரணம் விளையாட்டரங்கினுள் இல்லை. தொலைக்காட்சி உரிமை முழுவதையும் தேசியச் சங்கமே தன் கையில் வைத்திருந்த முறையை 1984 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. ஒக்லஹோமாப் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் தொடுத்த அவ்வழக்கில் நீதியரசர் எழுவர் ஒருபுறம் நிற்க, இருவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவராகிய பைரன் வைற், இளமையிற் கொலறாடோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் என்பது குறிப்பிடத்தக்கது. தீர்ப்பின் பின் ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் சரக்கைத் தானே விலைபேசலாயிற்று. விற்பவருக்குச் சரக்குப் பெருகவேண்டும் என்ற ஆசை இயல்பாயிற்று.

1987 இல் ஒரு சிறு விதி பிறந்தது. பன்னிரண்டோ அதற்கு மேலோ உறுப்பினரைக் கொண்ட கூட்டமைப்பு இரு பிரிவுகளாகப் பிரிந்து, பிரிவினுள் யாவரும் யாவரையும் எதிர்த்தாடின், பிரிவுத் தலைமைகளிடையே மேலதிக ஆட்டமொன்றை நடாத்தலாம் என்றது அது. பென்சில்வேனியாவின் சிறு கல்லூரிகள் சில தமக்கென வேண்டிப் பெற்ற சலுகை அது. பெருங் கூட்டமைப்புகளின் கண்ணில் அது உடனே படவில்லை. தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆணையாளர் றோய் கிறாமர் அதனுள் மறைந்திருந்த வருவாயைக் கண்டார். ஆர்கன்சோவும் தென் கரோலினாவும் சேர்க்கப்பட்டன, பத்து பன்னிரண்டாயிற்று. 1992 டிசெம்பரில் பேர்மிங்கம் நகரிலே முதலாவது இறுதியாட்டம் நடந்தேறியது. அலபாமா 28–21 எனப் புளோரிடாவை வென்றது. பிறர் பார்த்தனர், பின்பற்றினர்.

ஆகவே பிரிவுகள் புனிதமான நோக்கத்துடன் பிறந்தவை அல்ல. அவற்றைப் பாதுகாக்க முனைவோர் இதனை ஒளிக்க வேண்டியதில்லை. அவை இழைத்த தீங்குகளையும் ஒளிக்க வேண்டியதில்லை, அவை சிலவல்ல.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். பிக் ரென் கூட்டமைப்பு 2011 இல் தன் பிரிவுகளுக்குத் 'தலைவர்கள்' என்றும் 'காவிய புருடர்கள்' என்றும் பொருள்படும் பெயர்களைச் சூட்டியது. எந்த அணி எந்தப் பிரிவில் என்பதை நினைவிற்கொள்ள முடியாது இரசிகர்கள் நகைத்தனர். மூன்று பருவகாலங்களுடன் பெயர்கள் மறைந்தன. அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பு தன் பிரிவொன்றுக்கு 'அத்திலாந்திக்' என்றும் மற்றையதற்குக் 'கரையோரம்' என்றும் பெயரிட்டது. ஒரே பெயரை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்த இந்த நீதியிலே, கடலையே காணாத பிற்ஸ்பேர்க் நகரத்து அணி கரையோரப் பிரிவிற் சேர்ந்தது. தென்கிழக்குக் கூட்டமைப்பில் மேற்கே அமைந்த மிசூரி 'கிழக்கு'. அதற்கு வெகு கிழக்கேயுள்ள ஓபேர்ன் 'மேற்கு'.

நகைப்புக்குரியவை இவை. நகைத்து விட்டுவிட முடியாதவையும் உள. நெப்ராஸ்காவும் ஒக்லஹோமாவும் 1928 முதல் 1997 வரை ஓராண்டும் தவறாது மோதிய அணிகள். எழுபது ஆண்டுகள். உலகப் போர் நிறுத்தாத அந்த மோதலைப் பிக் ருவெல்வ் கூட்டமைப்பின் வடக்கு, தெற்குப் பிரிவுகள் நிறுத்தின. இரண்டும் வெவ்வேறு பிரிவில் வீழ்ந்தமையால் 1998 இல் ஆட்டம் இல்லாதொழிந்தது. பதினான்கு அணிகளைக் கொண்ட கூட்டமைப்பிலே ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் ஆறு அணிகளையும், மறுபிரிவில் நிலையான ஓர் எதிரணியையும், சுழன்றுவரும் இன்னொன்றையும் சந்தித்தது. எஞ்சிய ஆறும் ஆறாண்டுக்கொருமுறையே எதிர்ப்பட்டன. அவற்றின் மைதானத்துக்குச் செல்வது பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை. ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2012 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பிற் சேர்ந்தது. பிரிவுகள் நீடித்த 2023 வரை ஜோர்ஜியா அணி அதன் மைதானத்தில் ஒருமுறையேனும் காலடி வைக்கவில்லை. மூன்று மாணவத் தலைமுறைகள் வந்து போயின. வட கரோலினாவும் வேக் பொறெஸ்ற்றும் ஒரே மாநிலத்தவை. 1953 இல் அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பை நிறுவியோருள் இரண்டும் அடங்கும். அவை 2019 இலும் 2021 இலும், தம் கூட்டமைப்புக்குப் புறம்பான ஆட்டம் என்று பதிந்துகொண்டு சந்தித்தன! ஒரே வீட்டார் ஒருவரையொருவர் காண்பதற்கு வெளியாராக வேடம் புனைந்த கதை இது.

தராதர ஏற்றத்தாழ்வு மூன்றாவது குற்றம். பிக் ரென் கூட்டமைப்பு 2014 இல் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்தது. அன்று முதல் 2023 வரை நிகழ்ந்த பத்து இறுதியாட்டங்களிலும் வென்றது கிழக்கே. முதலாண்டில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் விஸ்கொன்சினை 59–0 என நசுக்கியது; இறுதியாண்டில் மிச்சிகன் அயோவாவை 26–0 என வென்றது. 2018 இல் பிற்ஸ்பேர்க் 7 வெற்றி, 5 தோல்வியுடன் கரையோரத் தலைமையாக வந்து கிளெம்சனிடம் 42–10 எனத் தோற்றது. 2008 இல் பிக் ருவெல்வின் தெற்குப் பிரிவிலே ஒக்லஹோமா, ரெக்சாஸ், ரெக்சாஸ் ரெக் ஆகிய மூன்றும் 7–1 எனச் சமநிலையில் நின்றன. வடக்கிலிருந்து மிசூரி 5–3 என்ற பேறுடன் இறுதியாட்டத்துக்கு வந்தது. அம்மிசூரியை அதே பருவகாலத்தில் 56–31 என வென்றிருந்த ரெக்சாஸ் வீட்டிலிருந்து பார்த்தது.

குற்றப்பத்திரிகை முழுமையானது. பிரிவொழிப்பாளர் இதனினும் வலிதாகத் தம் கட்சியை எடுத்துரைத்தல் அரிது. ஆயினும் அவர்கள் கவனியாது விட்ட ஒன்று இக்குற்றங்களுக்குள்ளேயே இருக்கின்றது. 2008ஆம் ஆண்டுப் பிணக்கையே மீண்டும் நோக்குக. ரெக்சாஸ் ஒக்லஹோமாவை 45–35 என வென்றது. ரெக்சாஸ் ரெக் ரெக்சாஸை 39–33 என வென்றது. ஒக்லஹோமா ரெக்சாஸ் ரெக்கை 65–21 என வென்றது. மூன்றும் ஒரு வட்டமாய் நின்றன. தேசியத் தரவரிசையைக் கொண்டு ஒக்லஹோமா தெரியப்பட்டது. ரெக்சாஸ் மக்கள் பொங்கினர். அவர்கள் பொங்கியதற்கு நியாயம் உண்டு. ஆனால் அப்பிணக்கு ஆடிப் பார்த்தவர்களிடையே எழுந்த பிணக்கு. தம் கையாலே வென்ற ஓர் அணியின் பெயரைச் சுட்டி, இதனை வென்றோம் எனச் சொல்ல அவர்களால் முடிந்தது. பிரிவுகளின் ஆயிரம் பொய்களுக்கிடையே நின்ற ஒரே மெய் அது: ஒரு பட்டியலில் இடம்பெற்றவர்கள் யாவரும் ஒருவரையொருவர் எதிர்த்தாடியவர்கள். ஏழு அணிகளைக் கொண்ட பிரிவிலே அமையக்கூடிய சோடிகள் 21; ஆடப்பட்ட ஆட்டங்களும் 21. 

பிரிவொழிப்பின் பின் நிலைமை யாது? பிக் ரென் கூட்டமைப்பில் 18 அணிகள் உள. அமையக்கூடிய சோடிகள் 153. ஓர் அணிக்கு ஒன்பது ஆட்டமாக ஆடப்படுபவை 81. எஞ்சிய 72 சோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கப்படுகின்றனர். அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பில் 2024 இலும் 2025 இலும் 17 அணிகளும் எட்டு ஆட்டங்களும். சோடிகள் 136, ஆடப்பட்டவை 68. சரிபாதி. வகுப்பிலே மாணவருட் பாதிப்பேருக்கு ஒரு வினாத்தாளும் மறுபாதிக்கு வேறொரு வினாத்தாளும் கொடுத்துவிட்டு, பெற்ற புள்ளிகளை ஒரே வரிசையில் எழுதி முதல் மாணவனைத் தெரியும் பரீட்சகரை எந்தப் பீடமும் ஒரு நாளேனும் பொறுத்துக்கொள்ளுமா?

முதலாண்டிலேயே அறிகுறி தோன்றியது. 2022 இல் பசிபிக் 12 கூட்டமைப்பிலே இரண்டாமிடத்துக்கு யூற்றா, ஒறிகன், வாஷிங்ரன் ஆகிய மூன்றும் 7–2 எனச் சமநின்றன. யூற்றாவும் வாஷிங்ரனும் அவ்வாண்டு சந்திக்கவே இல்லை. எதிரணிகளின் பெறுபேறுகளை வைத்துச் செய்யப்பட்ட கணக்கீட்டால் யூற்றா தெரியப்பட்டது. அது இறுதியாட்டத்தில் தென் கலிபோர்னியாவை 47–24 என வென்றது உண்மை. அதனாற் பலர் வாய் அடைத்தது. வாஷிங்ரன் ஆடியிருப்பின் என்னவாயிருக்கும் என்பதற்கு விடை எங்கும் இல்லை.

2024 இல் பிக் ரென் கூட்டமைப்பின் இரண்டாமிடத்துக்கு இந்தியானாவும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் போட்டியிட்டன. இரண்டும் 8–1, இரண்டும் தோற்றது ஒஹாயோ மாநிலத்திடம் மாத்திரமே, இரண்டும் தம்முள் ஆடவில்லை. எவர் மேல் என்பதை எதிரணிகள் பெற்ற வெற்றி விகிதம் தீர்மானித்தது. இந்தியானாவின் வீரன் ஒருவன் தன் வாழ்வின் மிகச் சிறந்த பருவகாலத்தை ஆடி முடித்தபின், தான் காலடி வைக்காத மைதானங்களில் தான் அறியாத வீரர்கள் பெற்ற வெற்றி தோல்விகளால் விலக்கப்பட்டான். அவன் யாரைக் குறைகூறுவது?

இவையெல்லாம் முன்னோட்டம். பிரிவொழிப்பின் முழுத்தோற்றத்தையும் காண விரும்புவோர் அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். வேர்ஜீனியா 7–1 என முதலிடத்தில் நின்றது. டியூக், மயாமி, பிற்ஸ்பேர்க், ஜோர்ஜியா ரெக், தென் மெதடிஸ்ற் ஆகிய ஐந்தும் 6–2. ஐவரில் ஒருவரைத் தெரிதல் வேண்டும். எதிரணிகளின் கூட்டமைப்பு வெற்றி விகிதத்தைக் கணித்தனர், டியூக் வந்தது. மொத்தத்தில் 7 வெற்றி, 5 தோல்வி பெற்றிருந்த டியூக்! ஐவருள் ஒன்றாகிய ஜோர்ஜியா ரெக்கிடம் தன் சொந்த மைதானத்திலேயே 27–18 எனத் தோற்றிருந்த டியூக்! மயாமியை அது சந்திக்கவே இல்லை. பிரிவுகள் இருந்த காலத்திலே 7–5 பெற்ற பிற்ஸ்பேர்க் இறுதியாட்டத்துக்கு வந்ததைச் சுட்டிக்காட்டிக் கூக்குரலிட்டோர், பிரிவுகள் ஒழிந்தபின் அதே 7–5 வந்து நின்றபோது எங்கே போயினர்? பிற்ஸ்பேர்க்காவது தன் பிரிவின் ஆறு அணிகளையும் எதிர்த்தாடித் தலைமை பெற்றது.

வேர்ஜீனியாவின் முதலிடந்தானும் ஐயத்துக்கு இடமானதே. அது அவ்வாண்டு செப்ரெம்பரில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 35–31 எனத் தோற்றது. இரண்டும் ஒரே கூட்டமைப்பின் நெடுங்கால உறுப்பினர். ஆனால் அந்த ஆட்டம் கூட்டமைப்புக்குப் புறம்பானது எனப் பதியப்பட்டிருந்தமையால் தோல்வி பட்டியலில் ஏறவில்லை. வட கரோலினாவும் வேக் பொறெஸ்ற்றும் போட்ட வேடத்தையே இவையும் போட்டன. பிரிவுகளின் சாபக்கேடு என்று எது கூறப்பட்டதோ அது பிரிவுகள் போனபின்னும் போகவில்லை.

முடிவு இன்னும் விசித்திரமானது. டியூக் மேலதிக நேரத்தில் 27–20 என வேர்ஜீனியாவை வென்று சம்பியனாயிற்று. பன்னிரண்டு அணிகளைக் கொண்ட தேசியச் சுற்றிலே அச்சம்பியனுக்கு இடம் கிட்டவில்லை. கூட்டமைப்பின் இறுதியாட்டத்துக்கே தகுதியற்றதென விலக்கப்பட்ட மயாமிக்கு இடம் கிட்டியது. அது 2026 சனவரியில் நாட்டின் இறுதியாட்டம் வரை சென்று இந்தியானாவிடம் 27–21 எனத் தோற்றது. டியூக்கை முந்திக்கொண்டு அத்தேசியச் சுற்றில் இடம்பெற்றவற்றுள் ஒன்று ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகம். அது சன் பெல்ற் என்னும் சிறு கூட்டமைப்பின் சம்பியன். அச்சிறு கூட்டமைப்பு கிழக்கு, மேற்குப் பிரிவுகளை அவ்வாண்டும் கைவிடாது வைத்திருந்தது.

2025 இல் பிக் ரென் இறுதியாட்டத்தில் இந்தியானாவும் ஒஹாயோ மாநிலமும் தோல்வியறியாது வந்து மோதினவே, பழைய முறையில் இரண்டும் கிழக்குப் பிரிவினவாதலால் அந்த ஆட்டம் நிகழ்ந்திராதே என்பர் மறுகட்சியினர். தவறு. பழைய முறையில் இரண்டும் ஒரே பிரிவினவாதலால் அவை பருவகாலத்தினுள்ளே கட்டாயமாக மோதியிருக்கும். இந்தியானா 13–10 என வென்ற அந்த ஆட்டம் டிசெம்பர் வரை ஒத்திவைக்கப்பட்டது என்பதே உண்மை. தற்செயலாக இருவரும் தோல்வியின்றி வந்தமையால் முறையின் ஓட்டை மறைந்தது. ஓராண்டு மழை பொழியாமையால் ஒழுகும் கூரை நல்ல கூரை ஆகிவிடாது.

சிறந்த இரு அணிகள் என்ற சொற்றொடரே ஆராயத்தக்கது. ஆட்டத்துக்கு முன்னரே சிறந்தவர் இன்னாரென்று தெரிந்திருக்குமாயின் ஆட்டம் எதற்கு? சிறப்பு என்பது எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருப்பது போலவும், பிரிவுகள் அதனை மறைப்பன போலவும் அவர்கள் பேசுகின்றனர். ஆடுகளத்தில் நேருக்கு நேர் நின்று பெறுவதன்றிச் சிறப்பு என ஒன்று இல்லை. நிகழாத 72 ஆட்டங்களின் இடத்தைத் தசமபுள்ளிகளால் நிரப்பிவிட்டு, இதுவே சிறப்பின் வரிசை என்று காட்டுவது, களத்தில் வென்றவனுக்கு உரிய பட்டத்தைக் கணிப்பொறியின் கையில் ஒப்படைப்பதாகும்.

நியாயம் வேண்டியே பிரிவுகள் ஒழிக்கப்பட்டன என்று நம்புவதற்கும் வரலாறு இடந்தருவதாயில்லை. அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பு 2023 இல் புகுத்திய ஏற்பாடு உண்மையில் நல்லதே: மூன்று எதிரணிகள் நிலையானவை, எஞ்சிய பத்தும் ஐந்தைந்தாக ஆண்டு மாறி ஆண்டு வரும், நான்காண்டு பயிலும் மாணவன் ஒவ்வோர் எதிரணியையும் தன் மைதானத்திலும் அதன் மைதானத்திலும் காண்பான். பிரிவொழிப்பின் சார்பிற் கூறக்கூடிய மிக நேர்மையான நியாயம் இதுவே. அது எத்தனை பருவகாலம் நீடித்தது? ஒன்று. 2024 இல் ஸ்ரான்போர்ட், பேர்க்லி, தென் மெதடிஸ்ற் ஆகியவை சேர்க்கப்பட்டன, பதினான்கு பதினேழாயிற்று, கணக்குச் சிதறியது. பசிபிக் கரையிலுள்ள ஸ்ரான்போர்ட் அத்திலாந்திக் 'கரையோர'த்தின் உறுப்பாகிப் பொஸ்ரன் கல்லூரியுடன் ஒரே பட்டியலில் நிற்கின்றது. பிக் ரென் 2022 இல் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேல் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸின் இரு பல்கலைக்கழகங்கள் அதனுட் சேர முடிவு செய்தன. அவற்றுக்கும் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த நியூ ஜேர்சியின் றட்கேர்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். கைப்பந்தாட்டம் ஆடும் மாணவியும் அத்தூரம் பறந்து மீண்டு மறுநாள் விரிவுரைக்குச் செல்லல் வேண்டும். பிரிவுகள் இருந்திருப்பின் மேற்குக் கரை அணிகள் பெரும்பாலும் தம் பிரிவினுள் ஆடும்; ஒஹாயோ மாநிலமும் தென் கலிபோர்னியாவும் போன்ற பெரும் பெயர்களை ஆண்டுதோறும் புதிது புதிதாகச் சோடிசேர்த்துத் திரையில் விற்க முடியாது. பிரிவுகள் வணிகத்துக்கு வேலியாயின; வேலி பிடுங்கப்பட்டது. 1992 இல் வருவாய்க்காகப் பிறந்த பிரிவுகள் அதே வருவாய்க்காகவே கொல்லப்பட்டன.

செய்யவேண்டியது கடினமானதன்று. பத்து அணிகளும் ஒன்பது ஆட்டங்களும் கொண்ட கூட்டமைப்புக்குப் பிரிவு வேண்டா. பிக் ருவெல்வ் 2011 முதல் 2022 வரை அவ்வாறே இருந்து, 45 சோடிகளுக்கும் ஆண்டுதோறும் ஆட்டம் வகுத்தது. அதற்கு மேற் பருத்த கூட்டமைப்புப் பிரிந்தேயாக வேண்டும். 18 அணிகளை ஒன்பதாக இரு பிரிவு செய்க: எட்டு ஆட்டம் உள்ளே, ஒன்று வெளியே. 16 அணிகளை எட்டெட்டாகப் பிரிக்க: ஏழு உள்ளே, இரண்டு வெளியே. மேற்கு எப்போதும் தோற்கும் என்பார்க்கு, ஒன்றில் கோட்டை மாற்றி வரைக, அன்றேல் தோற்க விடுக. பத்தாண்டு தோற்றவன் பதினோராவது ஆண்டு வெல்லும் உரிமையை இழந்தவனல்லன். அவ்வாறு பிரித்தால் ஒரு கூட்டமைப்பு இரண்டு கூட்டமைப்பாகிவிடுமே என்று சிலர் அஞ்சுவர். ஆகட்டும். மேற்குத் தடகளக் கூட்டமைப்பு 1996 இல் பதினாறாகப் பெருத்து, நந்நான்காகச் சுழலும் குழுக்களை வகுத்துப் பார்த்தது. 1999 இல் எட்டு அணிகள் வெளியேறி மவுண்ரன் வெஸ்ற் என்ற பெயரிலே தனித்து ஆடலாயின. எட்டுப்பேர், ஏழு ஆட்டம். உடைவுதான் அங்கு மருந்தாயிற்று.

இறுதியாட்டமே இல்லாதபோது சம்பியன் எவ்வாறு என்பார் ஐவி லீக்கைப் பார்க்கலாம். ஹார்வேர்ட், யேல், கொலம்பியா உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு ஆட்டம். சமநின்றோர் பட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். 2024 இல் ஹார்வேர்ட், டார்ட்மத், கொலம்பியா மூன்றும் 5–2 பெற்றுப் பகிர்ந்தன. கொலம்பியாவுக்கு அது 1961 இன் பின் கிட்டிய முதற் பட்டம். எதிரணிகளின் வெற்றி விகிதம் கொண்டு அதனைப் பறித்திருக்க எவருக்கும் தோன்றவில்லை.

பெருங் கூட்டமைப்புகளோ வேறு வழியை நாடின. 2025 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பு 2026 முதல் ஒன்பது கூட்டமைப்பு ஆட்டங்களை ஆடத் தீர்மானித்தது. 120 சோடிகளுள் ஆடப்படுவன 64 இலிருந்து 72 ஆகும். அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பும் அவ்வாண்டிலேயே ஒன்பதுக்கு நகர முடிவு செய்தது. அங்கே அணிகள் 17. பதினேழை ஒன்பதாற் பெருக்கின் 153, ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டுமாதலின் 153ஐ இரண்டாற் பிரித்தல் வேண்டும், மீதி ஒன்று. எனவே ஓர் அணியேனும் எட்டு ஆட்டங்களுடன் நின்று, ஒன்பது ஆடியவர்களோடு ஒரே பட்டியலில் ஒப்பிடப்படும்.